எதிர்க்கடை ஷட்டரின் ரோஜா நிறம்

எதிரே இருந்த சைக்கிள் கடையின் ஷட்டர், மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் ரோஜா நிறமாக இருந்தது. தெருவைக் கடந்து கிட்டே போனால் சாம்பல் நிறமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குள் மாடியில் குடியிருக்கும் பெண், எல்லாரும் லென்ஸ் என்று கூப்பிடுபவள், இதை மூன்று முறை பார்த்துவிட்டாள். ஜன்னலில் ஒரு முறை. வாசலில் நின்று ஒரு முறை. மூன்றாவது முறை, ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்துத் தெருவைக் கடந்தாள். பாதித் தெரு வரை நிறம் கூடவே வந்தது. அதன் பிறகு, தண்ணீரில் கரைத்த சாயம் போல வெளுத்துக்கொண்டே போய், ஷட்டரைக் கையால் தொடும் தூரத்தில் சுத்தமாக இல்லாமல் போனது. திரும்பிப் பின்னால் நடந்தாள். நிறம் வந்துவிட்டது.

"என்ன தங்கச்சி, காலங்காத்தால தெருவை அளந்துக்கிட்டு இருக்க?" சைக்கிள் கடைக்காரர் சாவிக்கொத்தோடு வந்து நின்றார்.

"ஷட்டருக்குப் புதுசா பெயின்ட் அடிச்சீங்களா அண்ணே?"

"அடிச்சிருந்தா தெருவையே கூட்டிச் சொல்லியிருக்க மாட்டேனா? பதினாலு வருஷமா அதே அழுக்குதான். ஏன்?"

"லேசா ரோஜா கலர் தெரியுது."

"எனக்கும் ஒரு காலத்துல எல்லாமே அப்படித்தான் தெரிஞ்சுது. அப்புறம் கல்யாணம் ஆச்சு" என்று சொல்லி ஷட்டரைத் தூக்கினார். ரோஜாவோ சாம்பலோ, அது உருளைக்குள் சுருண்டு மறைந்துவிட்டது.

அவளுக்கு லென்ஸ் என்ற பெயர் அச்சகத்தில் வந்தது. மருந்துப் பெட்டிகளில் ஒட்டும் முத்திரைத் தாளை அங்கே அச்சடிக்கிறார்கள். தாள் முழுக்க, முடியைவிட மெல்லிய கறுப்புக் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படுத்திருக்கும். யாராவது கள்ள முத்திரை அடித்தால் அந்தக் கோடுகள் அறுந்தோ தடித்தோ காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அசல் முத்திரையிலேயே கோடு அறுந்திருந்தால் கதை கந்தல். ஆகவே ஒவ்வொரு தாளையும் தாங்கியில் பொருத்திய பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, வலது கண்ணை ஒட்டிப் பார்த்து, சரி என்று முத்திரை குத்துவது அவள் வேலை. ஒன்பது வருடமாக அந்த மேசை அவளுடையது. அவள் விட்ட தாளில் பிசகு வந்ததாகப் புகார் வந்தது ஒரே ஒரு முறை. அந்த ஒன்றை இரண்டு மாதம் கழித்தும் அவள் மறக்கவில்லை.

அன்று அச்சகத்துக்குள் நுழைந்ததுமே மேற்பார்வையாளர் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா லென்ஸ், சனிக்கிழமை மூணு கட்டுப் பதிவேட்டுத் தாளைத் திருப்பி அனுப்பினியே, என்ன காரணம் எழுதின?"

"வெள்ளை வரியெல்லாம் ரோஜா அடிக்குதுன்னு எழுதினேன் சார்."

"காகிதக்காரர் வந்து உக்காந்திருக்காரு. பத்து பேர்கிட்ட காட்டிட்டோம். பால் மாதிரி இருக்குங்கறாங்க."

பதிவேட்டுத் தாள் என்பது ஒரு வரி வெள்ளை, ஒரு வரி சாம்பல் என்று பட்டை பட்டையாக அச்சிட்டது. கணக்கெழுதுபவரின் கண் வரி தவறாமல் இருப்பதற்காக அந்த ஏற்பாடு. அச்சானதும் அதையும் ஒரு முறை பார்த்துவிடுவது அவள் பொறுப்பு. எதிர்ப் பலகையில் மூன்று கட்டும் விரித்துக் கிடந்தன. அவள் பார்த்தாள். வெள்ளை வரிகள் ரோஜாவாகத்தான் இருந்தன. பக்கத்தில், அதே காகிதச் சரக்கிலிருந்து எடுத்த, அச்சேறாத தாள் ஒன்று கிடந்தது. அது பால் மாதிரி வெள்ளை.

ஒரே காகிதம். வரி போட்டால் ரோஜா, போடாவிட்டால் வெள்ளை. பத்துப் பேருக்கும் வெள்ளை, அவளுக்கு மட்டும் ரோஜா.

கை தானாக மேலெழுந்து வலது கண்ணைப் பொத்தியது. ரோஜா போய்விட்டது. கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினாள். ரோஜா வந்துவிட்டது.

"காகிதத்து மேல தப்பில்ல சார்" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "என் வலது கண்ணுல ஏதோ கோளாறு."

காகிதக்காரர் மரியாதை தெரிந்தவர், ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மேற்பார்வையாளர் தலையைச் சொறிந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் மருந்துக் கம்பெனிக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

"பாரும்மா. இந்த வாரம் நீ பைண்டிங்ல இரு. சனிக்கிழமைக்குள்ள கண் சரியாயிடுச்சு, இனி இப்படி வராதுன்னு நீ எனக்கு நிரூபிச்சா மேசை உன்னோடது. இல்லைன்னா வேற ஆளைப் போடறதைத் தவிர எனக்கு வழியில்லை."

செவ்வாய்க்கிழமை கண் டாக்டரிடம் போனாள். டாக்டரம்மா ஒன்றையும் விடவில்லை. எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார், கடைசி வரி வரை படித்தாள். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தைக் காட்டினார், எல்லா எண்ணையும் சொன்னாள். சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரியவைத்து, உள்ளே விளக்கடித்துப் பின்சுவர் வரை பார்த்தார்.

"கண்ணு ரெண்டும் கண்ணாடி மாதிரி இருக்கு. ஆனா ஒரு கண்ணுல மட்டும் கலர் மாறுதுன்னா நரம்பைப் பாத்துடறது நல்லது. ஸ்கேன் எழுதறேன். தேதி கிடைக்க மூணு வாரம் ஆகும்."

"எனக்கு சனிக்கிழமை வரைக்கும்தான் டைம் டாக்டர்."

"நரம்புக்கு அது தெரியாதேம்மா" என்றார் டாக்டர், சிரிக்காமல்.

மூன்று வாரம் கழித்து வரும் பதில் அவளுக்கு எதற்கு? பேருந்தில் வரும் வழியில் ஒரு நோட்டு வாங்கினாள். அறுந்த கோட்டைக் கண்டுபிடிக்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: ஓரத்திலிருந்து ஆரம்பித்து, ஒன்று விடாமல், வரிசையாகப் பார்ப்பது. தன் கண்ணையும் அப்படியே பார்த்துவிடலாம் என்று முடிவு கட்டினாள்.

வீட்டில் நாத்தனார் மட்டும் இருந்தாள். லென்ஸின் கணவன் லாரியோடு வாரத்தில் ஆறு நாள் வெளியூர். நாத்தனார் அழகு நிலையத்தில் வேலை செய்பவள், வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவள்.

"ரோஜா ரோஜான்னா எந்த ரோஜா அண்ணி? எங்க கடையில பதினோரு ரோஜா இருக்கு." கைப்பையைக் கவிழ்த்து, நகப்பூச்சு நிறங்களின் மாதிரி அட்டையை எடுத்தாள். நகம் போன்ற சிறு பிளாஸ்டிக் துண்டுகள், வெளிறியதிலிருந்து அடர்த்தியானது வரை எண் போட்டு வரிசையாக ஒட்டியிருந்தன. "இதுல எதுன்னு காட்டு."

லென்ஸ் ஜன்னலில் நின்று, வலது கண்ணால் மட்டும், மூடிக்கிடந்த ஷட்டரையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். "மூணாம் நம்பர்."

"அது நிச்சயதார்த்தப் பொண்ணுங்க கேக்கற கலர். உன் கண்ணுக்கு மறுபடி கல்யாண ஆசை வந்திருக்கு."

"உங்க அண்ணன் காதுல விழட்டும்" என்றபடி லென்ஸ் நோட்டில் எழுதினாள்: *ஷட்டர், பத்து மீட்டர், வலது கண், எண் 3.* இப்போது அவளிடம் ஓர் அளவுகோல் இருந்தது. அளக்க முடிகிற எதையும் பார்த்து அவளுக்கு அவ்வளவாகப் பயம் வராது.

கதவு: நிறமில்லை. வெறும் சுவர்: நிறமில்லை. தலையணை உறை: நிறமில்லை. ஜன்னலின் பட்டைத் திரை, மூன்று மீட்டரில்: இரண்டாம் எண். கோடு போட்ட நோட்டு, கையில் பிடித்தால் ஒன்றுமில்லை. நாத்தனார் அதை அறையின் அந்தக் கோடிக்கு எடுத்துப் போகும்போது ஓரிடத்தில் இரண்டாம் எண். நிறமில்லாத பொருள்களை ஒரு பக்கமும் நிறமுள்ளவற்றை மறுபக்கமும் எழுதியதும் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. ரோஜா தெரிந்தவை எல்லாமே கோடுகள். அதுவும் கோடுகள் ஒரு குறிப்பிட்ட நெருக்கத்தில் தெரியும்போது மட்டும். அகலமான பட்டையைத் தூரத்தில் வைத்துப் பார்ப்பதும் குறுகிய கோட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பதும் கண்ணுக்கு ஒன்றுதானே! தெருவைக் கடக்கும்போது ஷட்டரின் நிறம் வடிந்ததற்குக் காரணம் இதுதான். கிட்டே போகப் போகப் பட்டைகள் பெரிதாகி அந்த நெருக்கத்தைத் தாண்டிவிடுகின்றன.

இதற்குமேல் மூளை ஓடவில்லை. சோபாவில் சாய்ந்து படுத்தாள். இடது காதைத் திண்டில் அழுத்தியபடி ஜன்னல் திரையைப் பார்த்தவள் துள்ளி எழுந்தாள்.

"என்ன அண்ணி, பூச்சியா?"

"நிறம் இல்ல."

உட்கார்ந்து பார்த்தாள். ரோஜா. படுத்துப் பார்த்தாள். வெள்ளை.

"ஒக்காந்தா வருது, படுத்தா போகுதா? அப்ப இனி படுத்துக்கிட்டே வேலை பாரு. எனக்கும் அந்த அச்சகத்துல ஒரு வேலை சொல்லு."

லென்ஸ் அவளை மறுபடி அறையின் கோடிக்கு அனுப்பினாள். நோட்டைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடிக்கச் சொன்னாள். கோடுகள் நின்றால் வெள்ளை, படுத்தால் ரோஜா. இவள் தலையும் சாய்ந்து நோட்டும் சாய்ந்தால் மறுபடி ரோஜா. ஆக, கோடு தரைக்குப் படுத்திருக்கிறதா என்பது கணக்கே இல்லை. கண்ணுக்குப் படுத்திருக்கிறதா என்பதுதான் கணக்கு.

"இதைக் கேளு" என்று நாத்தனாரைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அவள் குரலில் திங்கட்கிழமைக்குப் பிறகு முதல் முறையாகத் தெம்பு இருந்தது. "என் கண்ணுல கறை ஏதாவது படிஞ்சிருந்தா நான் எப்படிப் படுத்தாலும் அது இருக்கணும். மூக்குக்கண்ணாடி அழுக்கானா, தலையைச் சாய்ச்சா அழுக்கு போயிடுமா?"

"போகாது."

"கறைக்குக் கோடு நிக்குதா படுத்திருக்கான்னு தெரியாது. ஆனா இதுக்குத் தெரியுது. இது கறை இல்ல. யாரோ இதுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"யாரு?"

அதுதான் கேள்வி. படுத்த கோடுகள். குறிப்பிட்ட நெருக்கம். வலது கண் மட்டும். வரிசையாகச் சொல்லிப் பார்த்தபோது, நாளெல்லாம் அவற்றை அவள் எங்கே பார்க்கிறாள் என்பதைச் சொல்ல நாத்தனார் தேவைப்படவில்லை.

பூதக்கண்ணாடியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளை வெளிச்சத்தில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. மலிவான கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வோர் அளவு வளைக்கும். அதனால் கறுப்புக் கோட்டின் கரையில் மேலே மஞ்சளும் கீழே ஊதாவுமாக ஒரு பிசிறு கட்டும். இரண்டு மாதம் முன்பு ஓர் அறுந்த கோடு அந்தப் பிசிறுக்குள் ஒளிந்து அவளை ஏமாற்றியது. அந்தப் புகாருக்குப் பிறகு அவளே யோசித்து, தாங்கியின் சின்ன பல்பை மாற்றிப் பச்சை பல்பு போட்டாள். ஒரே நிறம் என்றால் பிசிறுக்கு இடமில்லை. கோடுகள் பிளேடால் கீறியது போலத் தெளிந்தன. மேற்பார்வையாளர்கூட ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு "பலே" என்றார். அன்றிலிருந்து இரண்டு மாதமாக, தினமும் ஆறு மணி நேரம், அவள் வலது கண் பார்த்ததெல்லாம் பச்சையில் படுத்த கறுப்புக் கோடுகள்.

சந்தேகப்படுவது வேறு, நிரூபிப்பது வேறு. புதன்கிழமை மதிய இடைவேளையில் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுப் பழைய மேசைக்குப் போனாள். இடது கண்தான் நல்ல கண். அதைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து, பச்சை வெளிச்சத்தில் கோடுகளை இருபது நிமிடம் பார்த்தாள். நல்ல கண்ணையும் கெடுத்துக்கொள்கிறோமோ என்று நடுவில் ஒரு முறை தோன்றியது. பார்ப்பதை நிறுத்தவில்லை. பிறகு ஐந்து நிமிடம் முற்றத்தில் நடந்துவிட்டு வந்து, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பதிவேட்டுத் தாளைப் பார்த்தாள்.

வெள்ளை வரிகள் லேசாகச் சிவந்திருந்தன. அட்டையில் முதல் எண்.

யாருமில்லாத அறையில் அவள் "அப்பாடா" என்றாள். தன் இரண்டாவது கண்ணும் கெட்டதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

மாலை டாக்டருக்கு ஃபோன் போட்டு நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தாள். மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. புத்தகம் புரளும் சத்தம் கேட்டது.

"அடடா, நீங்க பச்சை பல்பைப் பத்தி நேத்து சொல்லவே இல்லையேம்மா!"

"நீங்க கேக்கவே இல்லையே டாக்டர். உங்க எழுத்துலயும் புள்ளியிலயும் ஒரு கோடுகூட இல்ல."

டாக்டர் இப்போது சிரித்தார். "நியாயம்தான். இது நோய் இல்ல. பல வருஷமா புத்தகத்துல இருக்கற விஷயம், நான்தான் இதுவரைக்கும் நேர்ல பாத்ததில்ல. மூளை செய்யற திருத்தம் இது. ரெண்டு கண்ணோட செய்தியும் ஒண்ணா கலக்கறதுக்கு முன்னாலயே நடக்குது, அதான் ஒரு கண்ணுல மட்டும். சும்மா விட்டா வாரக்கணக்குல, சிலருக்கு மாசக்கணக்குலகூட இருக்கும். ஸ்கேன் எடுக்கறதை விட்டுடாதீங்க, மனசு நிம்மதிக்கு. ஆனா எனக்குக் கவலை இல்ல."

வியாழக்கிழமை மேற்பார்வையாளர் முன்னால் போய் நின்றபோது அவள் பேச்சைச் சுருக்கிக்கொண்டாள். நம்பமாட்டார் என்று தெரியும். "சார், ஒரு கால்மணி நேரம் இந்தக் கண்ணாடியில பாருங்க. இடது கண்ணால."

"எதுக்கு?"

"பாருங்க சார்."

பார்த்தார். ஐந்து நிமிடத்தில் கழுத்து வலிக்கிறது என்றார். பத்து நிமிடத்தில் நீ எப்படித்தான் ஒன்பது வருஷம் உட்கார்ந்தாயோ என்றார். பதினைந்தாவது நிமிடத்தில் அவர் முன்னால் பதிவேட்டுத் தாளை நிறுத்தி, வலது கண்ணைப் பொத்தச் சொன்னாள்.

"யாரு இந்தத் தாளை மாத்தினது?" என்றார்.

"யாரும் மாத்தல. கண்ணை மாத்துங்க."

மாற்றினார். திரும்ப மாற்றினார். மேலும் இரண்டு முறை மாற்றினார். பைண்டிங்கில் இருந்தவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு, கண்ணடிக்கும் மேற்பார்வையாளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு என்னம்மா பண்ணிட்ட?"

"நாளைக்குள்ள போயிடும் சார், கொஞ்சம்தான் பாத்தீங்க. ஒரு தராசு இருக்குன்னு வைங்க. தட்டுல ஒண்ணுமே வைக்காதப்பவும் எப்பவும் ஐம்பது கிராம் காட்டுது. நாம என்ன பண்ணுவோம்? தராசுல கோளாறுன்னு நினைச்சு, எதை நிறுத்தாலும் ஐம்பதைக் கழிச்சுடுவோம். மூளையும் அதைத்தான் பண்ணுது. படுத்த கோடு வரும்போதெல்லாம் பச்சையும் வருது. உலகத்துல அப்படி இருக்காதே, நம்ம கண்ணுலதான் கோளாறுன்னு அது முடிவு பண்ணி, படுத்த கோட்டைப் பாத்தா பச்சையைக் கழிச்சுடுது. வெள்ளையில இருந்து பச்சையைக் கழிச்சா மிச்சம் ரோஜா."

அவர் தாளைப் பலகையில் போட்டார். "சரி, காரணம் தெரிஞ்சுது. ஆனா மேசையில உக்காந்தா மறுபடி இதே கதைதானே? வெள்ளை பல்பையே போட்டுடலாமா?"

"போட்டா பிசிறு வரும். பிசிறு வந்தா கோடு தப்பும். எனக்கு மறுபடி அந்தப் புகார் வேண்டாம்."

"அப்ப என்னதான் பண்ணப் போற?"

"சனிக்கிழமைன்னுதானே சொன்னீங்க? இன்னைக்கு வியாழன்."

அன்று மாலை சைக்கிள் கடையில் அவள் கேட்டது பின்விளக்குக்குப் போடும் சிவப்பு பல்பு.

"சைக்கிளே இல்லாம பின்விளக்கு மட்டுமா?" என்றார் கடைக்காரர்.

"உங்க ஷட்டருக்குப் பழைய கலர் வரணும்ல அண்ணே, அதுக்குத்தான்."

"நல்லா இருந்த பொண்ணு" என்று முணுமுணுத்துக்கொண்டே பல்பை எடுத்துக் கொடுத்தார். வயரும் சுவிட்சும் அவரே வைத்துத் தந்தார்.

அவள் யோசனை எளிமையானது. கூடுதலாகக் கழிக்கிற தராசுக்கு எதிர்ப்பக்கமும் அதே அளவு பாடம் கொடுத்தால் முள் நடுவுக்கு வந்துதானே தீர வேண்டும்? பச்சைக்கு எதிர்ப்பக்கம் சிவப்பு. சிவப்பும் ஒரே நிறம் என்பதால் கோட்டில் பிசிறும் கட்டாது. வெள்ளிக்கிழமை காலை வேலை தொடங்குவதற்கு முன் ஒரு மணி நேரம், சிவப்பு வெளிச்சத்தில் அதே முத்திரைத் தாளை, கோடுகள் அதேபோல் படுத்திருக்க, வலது கண்ணால் பார்த்தாள். பதிவேட்டுத் தாள் இரண்டாம் எண்ணுக்கு இறங்கியிருந்தது. இடைவேளையில் இன்னொரு அரை மணி. முதல் எண். ஆசை யாரை விட்டது? மாலையில் மேலும் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, ஜன்னலைத் திறந்து கடையைப் பார்த்தாள். மூடியிருந்த ஷட்டர் பாசி பிடித்தது போல இளம்பச்சையாக இருந்தது.

"அட, பச்சையாயிடுச்சு!"

"பேசாம ரோஜாவாவே விட்டிருக்கலாம். அதுவாவது பாக்க லட்சணமா இருந்துச்சு" என்றாள் நாத்தனார்.

ஆனால் லென்ஸ் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். பச்சையானது தோல்வி இல்லை. முள் இரண்டு பக்கமும் அசைகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. சனிக்கிழமை விடிந்ததும் முதல் ஆளாக அச்சகத்துக்குப் போய், பச்சை பல்பில் பத்து நிமிடம் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், இன்னும் ஐந்து நிமிடம் பார்த்தாள். வெள்ளை வரி வெள்ளையாக இருந்தது. வலது கண்ணில், இடது கண்ணில், நிமிர்ந்து, சாய்ந்து.

பத்து மணிக்கு மேற்பார்வையாளர் ஆறு கட்டுப் பதிவேட்டுத் தாளை எதிர்ப் பலகையில் விரித்தார். முகத்தைக் கல்லாக வைத்திருந்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி வலது கண்ணால் மட்டும் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் நின்றாள். திரும்ப இரண்டாவதற்குப் போய் மறுபடி நான்காவதற்கு வந்தாள். எழுந்து போய் அந்தத் தாளை எடுத்துச் செங்குத்தாகத் திருப்பினாள். நிறம் போகவில்லை.

"இது நிஜமாவே ரோஜா அடிக்குது சார். காகிதமே அப்படி. மத்த அஞ்சும் வெள்ளை."

"பழைய ஸ்டாக்குல தேடிப் பிடிச்சு நடுவுல சொருகினேன்" என்றார் அவர், பிடிபட்டவர் போல. பிறகு பைண்டிங் பக்கம் கைகாட்டினார். "போய் உன் சாமானை எடுத்துட்டு வந்து உக்காரு. ஆனா இது மறுபடி வராதுன்னு எப்படிச் சொல்ற? அதை எழுதிக் குடு. நாளைக்கு உன் இடத்துல வேற யார் உக்காந்தாலும் தெரியணும்."

அவள் தாங்கியில் பச்சை பல்புக்குப் பக்கத்திலேயே சிவப்பு பல்பைப் பொருத்தி, இரண்டுக்கும் நடுவில் சைக்கிள் கடைக்காரரின் சுவிட்சை வைத்து இறுக்கினாள். பிறகு ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி மேசை விளிம்பில் ஒட்டினாள்:

*ஒரு தாளுக்குப் பச்சை, அடுத்த தாளுக்குச் சிவப்பு. ஒவ்வொரு தாளுக்கும் சுவிட்சை மாற்றவும்.*